நரகத்து டிரம்மும் நம் வீட்டுக் கூடமும்

சகோதரிகளே! உங்கள் வீட்டில் காலேஜில் படிக்கிற பிள்ளையோ பெண்ணோ உண்டா? அவர்கள் கையில் எலெக்ட்ரிக் கிதார் ஒன்றும் உண்டா? இரண்டும் உண்டென்றால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக் கொள்ளுங்கள். இன்றில்லாவிட்டால் நாளை, நீங்கள் குழம்புக்குத் தாளித்துக் கொண்டிருக்கும் சமயம் பார்த்து, "அம்மா, டிரம் சாஃப்ட்வேர் ஒன்று வாங்கணும்" என்று அது வந்து நிற்கத்தான் போகிறது.

என் அக்காள் வீட்டில் போன மாதம் வந்து நின்றது. உடனே எனக்கு டெலிபோன்.

"நீதான் பத்திரிகையிலே இருக்கிறவளாச்சே, சொல்லு. இவன் முப்பதாயிரத்துக்கு மேலே கேட்கிறான். டிரம் வருமாடா என்றால் வராதாம். டிரம் சத்தம் மட்டும் வருமாம். இது என்னடி கூத்து?"

ஞாயிற்றுக்கிழமை போனேன். சீட்டுப் பணம் எடுத்து வைத்திருந்தாள் அக்காள். மிக்ஸியும் கிரைண்டரும் மாற்றுவதற்காகச் சேர்த்தது. அதன் மேல்தான் பிள்ளையாண்டானுக்குக் கண். பையன் கெட்டிக்காரன், கிதாரைத் தானாகவே கற்றுக் கொண்டவன். 'மெட்டல்' என்கிற சங்கீதத்தில் மோகம். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறான். கிதார் அவனே; பாஸ் கிதார் அவனே; குரலும் (அதைக் குரல் என்று சொல்லலாமானால்) அவனே. டிரம் மட்டும்தான் இல்லை.

"நிஜ டிரம்மையே வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று நான் கேட்டதும் அக்காள் பதறிப் போனாள். பதறத்தான் வேண்டும். ஒருவர் முழு வேகத்தில் டிரம் வாசித்தால் பக்கத்தில் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டிவிடும். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு மூன்றும் படியேறி வந்துவிடும். அதைப் பொறுத்துக் கொண்டாலும், பதிவு செய்வதென்றால் டிரம்முக்கு ஒன்று, தாளத் தட்டுக்கு ஒன்று, அறையின் முழக்கத்துக்கு இரண்டு என்று எட்டுப் பத்து மைக் வேண்டும். அதற்கேற்ற அறை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசிக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் கிடைப்பதுதான் மெட்டலில் மிகவும் கஷ்டம். இந்தச் சங்கீதத்தில் பெரிய டிரம்மை ஒரு காலால் அல்ல, இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதிக்கிறார்கள். நிமிஷத்துக்கு இருநூறு தட்டு என்று காலப்பிரமாணம் வைத்துக் கொண்டு, தட்டுக்கு நாலு மிதி போட்டால், ஒரு செகண்டுக்குப் பதின்மூன்று மிதி விழுகிறது. நம் தையல் மிஷினில் அவ்வளவு வேகம் மிதித்துப் பாருங்கள், தெரியும்! வருஷக் கணக்காகச் சாதகம் செய்தவர்களுக்குத்தான் அது கைவரும். கால்வரும் என்று சொல்ல வேண்டுமோ?

ஆகவே சாஃப்ட்வேர். அதற்குள் என்ன இருக்கிறது என்று பையனையே கேட்டேன். எல்லாரும் நினைப்பது போல அது மிஷின் உண்டாக்கிய சத்தம் அல்ல. ஒரு நல்ல ஸ்டூடியோவில், ஒரு நிஜ வித்வான், நிஜ டிரம்மை அடிக்கிறார். மெதுவாக ஒரு அடி, கொஞ்சம் பலமாக ஒரு அடி, இன்னும் பலமாக ஒன்று. ஒவ்வொரு பலத்திலும் பல தடவை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து, வெட்டி, பெயர் போட்டு அடுக்கி வைக்கிறார்கள். இந்தத் துணுக்குக்குத்தான் 'ஸாம்பிள்' என்று பெயர். எந்த இடத்தில் எந்த அடி, எவ்வளவு பலம் என்று பையன் கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைக்கிறான். கம்ப்யூட்டர் அந்தந்தப் புள்ளிக்கு உரிய அடியை எடுத்து ஒலிக்கிறது. பார்ப்பதற்கு நம் மார்கழி மாதத்துப் புள்ளிக் கோலம் மாதிரியே இருக்கிறது. இந்தப் புள்ளிகளுக்கு 'மிடி' என்று ஒரு பாஷை, 1983-லிருந்து உலகம் முழுதும் நடப்பில் இருக்கிறது. அதில் அடியின் பலத்துக்கு 1 முதல் 127 வரை எண் உண்டு.

அக்காள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டாள்.

"அடிச்சவன் யாரோ. புள்ளி வைக்கிறவன் இவன். அப்புறம் என் பாட்டு என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று இல்லையா?"

பையனுக்கு முகம் தொங்கிப் போயிற்று. பணத்தைவிட இந்தக் கேள்விதான் அவனை உறுத்தியது என்று எனக்குத் தோன்றியது. இதற்குப் பதில் ஸ்வீடன் தேசத்தில் இருக்கிறது.

ஸ்வீடனின் வடபகுதியில் ஊமியோ என்று ஓர் ஊர். அங்கே 1987-ல் தொடங்கிய கோஷ்டி 'மெஷூகா'. மெட்டல் உலகத்தில் தாளக் கணக்குக்கு இவர்களை மிஞ்சியவர்கள் குறைவு. கிதார் ஒரு கணக்கில் போகும், கை ஒரு கணக்கில் போகும், எங்கேயோ சுற்றி வந்து இரண்டும் ஓரிடத்தில் சேரும். நம் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது அந்நியமாகப் படாது. சத்தத்தைத்தான் சகிக்க வேண்டும்! இவர்களுடைய டிரம் வித்வான் டோமாஸ் ஹாகே. அதே ஊமியோவில் 'டூன்டிராக்' என்ற கம்பெனி, ஹாகேயை அடிக்கச் சொல்லி அந்த அடிகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. 1990-களின் கடைசியில் தொடங்கிய முயற்சி அது. தொகுப்புக்கு வைத்த பெயர் 'டிரம்கிட் ஃப்ரம் ஹெல்'. அதாவது, நரகத்திலிருந்து வந்த டிரம். ("நல்ல பெயர் வைக்கக் கூடாதோ?" என்றாள் அக்காள்.)

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. 2005-ல் மெஷூகா 'கேட்ச் தர்ட்டி-த்ரீ' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். பதின்மூன்று பகுதிகள், முக்கால் மணிக்குச் சற்று மேல், ஒரே நெடும் பாட்டாக ஓடுகிறது. அதில் டிரம் முழுவதும் கம்ப்யூட்டரில் புள்ளி வைத்ததுதான்! உலகமே மெச்சுகிற வித்வானைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, அவருடைய அடிகளின் தொகுப்பையே எடுத்து, எல்லாருமாகச் சேர்ந்து கம்ப்யூட்டரில் கோத்தார்கள். இதை அவர்கள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

"அப்படியானால் அந்த ஹாகேக்கு வேலை போயிற்றா?" என்று நீங்கள் கேட்பீர்கள். அக்காளும் கேட்டாள். போகவில்லை. 2008-ல் வந்த அவர்களுடைய அடுத்த ஆல்பத்தில் மறுபடி ஹாகேயே உட்கார்ந்து வாசித்தார். அதில் 'பிளீட்' என்ற ஒரு பாட்டுக்கு வேண்டிய கால் வித்தையை அவரே புதிதாக, வெகுகாலம் சாதகம் செய்து பிடிக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் கோத்ததும் அவர்கள் சங்கீதம்தான். காலால் மிதித்ததும் அவர்கள் சங்கீதம்தான். எதைக் கோப்பது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்த மூளை அவர்களுடையது. கோலப் பொடி கடையில் வாங்கினது என்பதற்காகக் கோலம் கடைக்காரனுடையது ஆகிவிடுமா?

அக்காள் பதில் சொல்லவில்லை. ஆனால் "சரி, எதை வாங்குவது?" என்று கேட்டாள். பாதி ஜெயித்தாயிற்று.

பையன் கேட்டது 'சுப்பீரியர் டிரம்மர் 3'. அதே டூன்டிராக் கம்பெனியார் 2017-ல் வெளியிட்டது. பெல்ஜியத்தில் கேலக்ஸி ஸ்டூடியோ என்று ஒன்று. அங்கே ஜார்ஜ் மாசன்பர்க் என்ற புகழ் பெற்ற ஒலிப்பதிவு நிபுணர் உட்கார்ந்து பதிவு செய்தது. அதன் மூல ஒலிகள் மொத்தம் 230 ஜிகாபைட்டுக்கு மேல். பிரமாதமான சரக்கு, சந்தேகமே இல்லை. "உன் கம்ப்யூட்டரில் எவ்வளவு இடம்டா?" என்று கேட்டேன். மொத்தமே 256 ஜிகாபைட்டாம். அதிலும் முக்கால்வாசி ஏற்கனவே நிரம்பிவிட்டதாம். ஞாபக சக்தி, அதாவது 'ராம்', எட்டு ஜிகாபைட். ஒண்டிக் குடித்தனத்தில் யானையை எங்கே கட்டுவது?

இடம் இருக்கிறது என்றே வைத்துக் கொள்வோம். இன்னொரு சங்கதி உண்டு. இந்தப் பெரிய தொகுப்பின் மூல ஒலிகள் கூடியவரை இயற்கையாகப் பதிவானவை. மளிகைக் கடையில் முதல் தரப் புழுங்கலரிசியும் உளுந்தும் வாங்குவது போல. ஊறவைத்து, அரைத்து, புளிக்கவிட்டு, வார்க்கத் தெரிந்தவர்களுக்குச் சொர்க்கம். தெரியாதவர்களுக்கு? தோசை மாவாகவே விற்கிறார்களே, அது தேவலை.

அப்படி மாவாக வருபவையும் உண்டு. அமெரிக்காவில் 'பெரிஃபரி' என்ற மெட்டல் கோஷ்டி. அதில் பாஸ் கிதார் வாசித்த ஆடம் கெட்குட் ஒலிப்பதிவிலும் நிபுணர். அவரும் கோஷ்டியின் டிரம்மர் மாட் ஹால்பர்னும் சேர்ந்து தொடங்கியது 'கெட்குட் டிரம்ஸ்'. மெட்டலுக்கென்றே ஒலியைப் பதப்படுத்தி, எடுத்தவுடன் பாட்டில் உட்காரும்படி கொடுக்கிறார்கள்.

பதப்படுத்துவது என்றால் என்ன? மெட்டலில் கிதாரின் தந்திகளை வெகுவாகத் தழைத்துச் சுருதி கூட்டுகிறார்கள். ஆகவே கீழ் ஸ்வரங்களின் இடத்தைக் கிதாரும் பாஸும் அடைத்துக் கொள்கின்றன. பெரிய டிரம்மின் 'தொம்' அங்கே புதைந்து போகிறது. அதைக் கேட்கச் செய்ய என்ன வழி? மிதிக்கட்டை தோலில் படும்போது 'டக்' என்று மேலே ஒரு சத்தம் எழுகிறதே, அதைத் தூக்கி விடுகிறார்கள். செகண்டுக்குப் பதின்மூன்று மிதி விழும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் படுவது இந்த 'டக்'கினால்தான். இயற்கையான டிரம்மில் இது போதாது. பதப்படுத்திய தொகுப்பில் தயாராக இருக்கும். ஆனால் ஒரு குறையும் உண்டு. ஒருமுறை காரம் போட்டாகிவிட்டது, எடுக்க முடியாது. அடுத்த பாட்டு மெதுவானதாக இருந்தாலும் அதே காரம்தான்.

இரண்டுக்கும் நடுவே டூன்டிராக்காரர்களின் சிறிய பதிப்பு 'ஈஸி டிரம்மர்' இருக்கிறது. அதன் மூன்றாம் பதிப்பு 2022-ல் வந்தது. பெரியதைவிட இடமும் குறைவு, விலையும் ஏறக்குறையப் பாதி. பேட்டை பேட்டையாகத் தாளக் கட்டுகள் தயாராகவே வருவதால், புள்ளி வைக்கத் தெரியாதவர்களும் இழுத்துப் போட்டுக் கொள்ளலாம். ஆனால் சகோதரிகளே, ஜாக்கிரதை! இதற்கென்று உபரித் தொகுப்புகள் தனித்தனியாக விற்கிறார்கள். புடவையோடு போயிற்றா, ரவிக்கைத் துணி, உள்பாவாடை, லேஸ் என்று பில் ஏறுகிறதே, அந்தக் கதைதான். வாங்குமுன் மெட்டலுக்கு உபரி வேண்டுமா என்று விசாரித்து, இரண்டு விலையையும் கூட்டிப் பாருங்கள். இந்த வியாபாரத்தில் நவம்பர் கடைசியில் தள்ளுபடி போடுவது வழக்கம். பொறுத்தவர்களுக்கு மிச்சம்.

ஆனால் பெயரைப் பார்த்தும் ஜிகாபைட்டைப் பார்த்தும் தேர்ந்தெடுப்பது எனக்குச் சம்மதமில்லை. காதால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் போட்டுக் காட்டும் மாதிரிப் பாட்டை நம்பாதீர்கள். அதில் கிதார் முழக்கத்துக்குள் குற்றமெல்லாம் மறைந்துவிடும். சாப்பாட்டைச் சாம்பார் ஊற்றிப் பிசைந்த பிறகு அரிசி எந்த ரகம் என்று எப்படித் தெரியும்? வெறும் டிரம் மட்டும் ஒலிக்கிற மாதிரியைத் தேடிக் கேளுங்கள்.

நாங்கள் அன்று மூன்று தொகுப்புகளைச் சோதித்தோம். சோதித்தது அக்காள்தான். முப்பது வருஷமாக டிசம்பர்க் கச்சேரி தவறாதவள். பையனிடம் சொல்லி, 'ஸ்நேர்' என்கிற சிறிய டிரம்மை ஒரே பலத்தில் பதினாறு அடி வரிசையாக வைக்கச் சொன்னேன். முதல் தொகுப்பைக் கேட்டதும் அக்காள், "இது தையல் மிஷின்" என்றாள். எந்தத் தொகுப்பு என்று நான் சொல்லப் போவதில்லை. அவள் சொன்னது முற்றிலும் சரி. அதில் அந்தப் பலத்துக்கு ஒரே ஒரு அடிதான் பதிவாகியிருந்தது. அதையே பதினாறு முறை ஒலித்தது. மனிதன் அடித்தால் பதினாறு அடியும் ஒன்று போல இருக்காது. வலக்கை ஒரு மாதிரி, இடக்கை ஒரு மாதிரி. தோலின் நடுவில் ஒன்று, விரற்கடை தள்ளி ஒன்று. நல்ல தொகுப்பில் ஒரே பலத்துக்கே பல அடிகளைப் பதிவு செய்து முறைவைத்து ஒலிக்கச் செய்கிறார்கள். மெட்டலுக்கு இது ரொம்ப முக்கியம். மெதுவான சங்கீதத்தில் தெரியாத குறை, விரைவில் வரிசையாக விழும்போது யந்திரத் துப்பாக்கி மாதிரிக் காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, தாளத் தட்டை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தோம். நல்ல தட்டின் நாதம் மெல்ல மெல்லக் கரைந்து போக வேண்டும். இடம் மிச்சம் பிடிப்பதற்காகச் சிலர் வாலை வெட்டிவிடுவார்கள். நாதம் பாதியில் மூச்சு நின்றது போலப் போய்விடும். பிறகு ஸ்நேரை மிக மெல்லிய பலத்தில் அடித்துக் கேட்டோம். அடி மெலிதாகும்போது சத்தம் குறைந்தால் மட்டும் போதாது, நாதமே மாற வேண்டும். மிருதங்கத்தில் மெல்ல வருடுவதும் ஓங்கி அடிப்பதும் ஒரே நாதமா? இந்தச் சோதனையில் மெட்டல் தொகுப்புகள் பல சறுக்குகின்றன. கத்துவதற்கென்றே பிறந்தவை!

முடிவாக நான் சொன்னது இது: முதல் மூன்று மாதம் காசே செலவழிக்காதே. 'எம்டி பவர் டிரம் கிட்' என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. 'ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ்' தொகுப்புக்கும் ஓர் இலவசச் சிறுபதிப்பு உண்டு. 'டிரம்கிஸ்மோ' என்ற இலவச மென்பொருளுக்கு, டென்மார்க் மெட்டல் டிரம்மர் ஒருவரின் டிரம் செட்டைப் பதிவு செய்து தானமாகவே கொடுத்திருக்கிறார்கள். இவற்றில் புள்ளி வைத்துப் பழகினால், பின்னால் பெரிய தொகுப்பு வாங்கும்போது கோலத்தை அழிக்க வேண்டாம். பெரிய டிரம்முக்கு 36, ஸ்நேருக்கு 38 என்று மிடியில் பொதுவான எண்கள் உண்டு. அந்த எண்களில் எழுதியது பெரும்பாலும் அப்படியே மாறிக் கொள்ளும். தாளத் தட்டுகளுக்கு மட்டும் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வோர் எண் வைத்துக் கொள்வதால் கொஞ்சம் திருத்த வேண்டி வரும்.

நண்பர்களிடமிருந்து திருட்டுப் பிரதி வாங்கிப் போட்டுக் கொள்கிற யோசனையையும் பையன் மெல்ல அவிழ்த்தான். அக்காள் பார்த்த பார்வையில் அதை மறுபடி முடிச்சுப் போட்டுவிட்டான். காசு கொடுத்து வாங்கினால் அந்த ஒலிகளைத் தன் பாட்டில் தாராளமாக உபயோகித்துப் பாட்டை விற்கலாம். ஒலிகளைத் தனியாக எடுத்து விற்பதுதான் கூடாது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பெயரில் பதிந்துவிட்ட மென்பொருளைப் பெரும்பாலும் திருப்பி எடுத்துக் கொள்ள மாட்டார்கள். பொருந்தாத செருப்பை மாற்றிக் கொடுக்கிற மாதிரி இது இல்லை.

சீட்டுப் பணத்தில் கிரைண்டர் வந்தது. பையனுக்கு நல்ல ஹெட்ஃபோன் ஒன்றும் வந்தது. மெட்டல் எல்லார் காதிலும் விழாமல் இருக்க அதுவும் குடும்பச் செலவுதானே!

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போயிருந்தேன். முதல் பாட்டு முடிந்திருந்தது. இலவசத் தொகுப்புத்தான். எனக்கு அது உயர்ந்ததாகவே பட்டது. ஆனால் நான் சித்தி, எனக்கு எல்லாம் உயர்ந்ததாகத்தான் படும். பையன் பயந்துகொண்டே ஹெட்ஃபோனை அம்மா தலையில் மாட்டினான். அக்காள் கண்ணை மூடிக் கொண்டு, தொடையில் தாளம் போட்டபடி கேட்டாள். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள்.

"டேய், இந்த இடத்திலே ஸ்நேர் அடிக்கிறான். அதே சமயம் அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு. இவனுக்கு எத்தனை கைடா?"

பையன் திரையைப் பார்த்தான். விரலை மடக்கி எண்ணினான். மூன்று.

"கிதார் வாசிக்கிறவன் எழுதினால் இப்படித்தான் அம்மா..." என்று இழுத்தான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு கையை எடு" என்று சொல்லிவிட்டு, அக்காள் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் அந்தப் புள்ளியை அழித்துவிட்டு, மறுபடி ஆரம்பத்திலிருந்து போட்டான்.